பழுதடைந்த நூல்கள்: இல்லை

மெல்லமாப் போங்க தம்பி, அவசரமே இல்லீங்க. முன்னால வேகத்தடை வருது பாருங்க. அதுக்கு வெள்ளைக் கோடு போட மாட்டாங்க, நாமதான் பாத்து ஏத்தி எறக்கோணும். பின்னாடி கெடக்கறது செங்கல்லு இல்லீங்க, பொஸ்தகம். ரெண்டாயிரத்து எரநூத்திப் பதினேழு பொஸ்தகம். ஒண்ணுல கூட ஒரு கீறல் கெடையாதுங்க. இருவது வருசமா வெச்சுக் காப்பாத்துனவன் நான். உங்க வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சுன்னா அத்தனையும் வீணாப் போயிரும்.

கயிறு இறுக்கமாக் கட்டுனீங்கல்ல? தார்ப்பாய் ஓரம் பறக்குதான்னு கண்ணாடில ஒருக்கா பாத்துக்கங்க. வெயிலு பட்டா அட்டை வளைஞ்சுக்கும். தூசி பட்டா மூலை கறுத்துரும். இதெல்லாம் நானாச் சொல்லலீங்க, பயிற்சில சொல்லிக் குடுத்தது. மூணு நாள் பயிற்சி, சென்னையில, ஏசி ரூம்ல. அந்த சர்டிபிகேட்தான் இது, மடில துண்டு சுத்தி வெச்சிருக்கறன் பாருங்க. மொத்தம் பதினாலு இருக்குதுங்க. எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டது. பின்னாடி வெச்சா ஒடஞ்சு போயிரும்னுதான் மடில வெச்சுக்கிட்டன்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. நல்லிக்காட்டுப்பாளையம் ஊர்ப்புற நூலகத்துக்கு நூலகர். நேத்து வரைக்கும். இன்னைலிருந்து சின்னவேலம்பட்டி நூலகத்துல மாற்றுப்பணி. ஆர்டர் சட்டைப் பையில இருக்குது. 'நூல்கள் சின்னவேலம்பட்டி நூலகத்துடன் இணைக்கப்படுகின்றன. நூலகர் மாற்றுப்பணியில் அனுப்பப்படுகிறார்.' பொஸ்தகத்துக்கு மொத வரி, எனக்கு ரெண்டாவது வரி. ஒம்பது கிலோமீட்டருதான் தூரம். ஆனா நீங்களே சொல்லுங்க தம்பி, ஒருத்தன் இருவது வருசம் ஒழுங்கா வேல பாத்ததுக்கு இதுவா மரியாதை?

என்னாச்சுன்னு கேக்கறீங்களா? சொல்றன். நீங்க ரோட்டப் பாத்துட்டே கேளுங்க.

நான் வேலைக்குச் சேந்த மொத வருசமுங்க. அப்பெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆரு வந்து கேட்டாலும் எடுத்துக் குடுத்துருவன். ஊட்டுக்குக் கொண்டு போறமுன்னாலும் குடுத்துருவன். ஒரு நாள் மாவட்ட ஆபீஸ்லருந்து அதிகாரி வந்தாருங்க. அலமாரிலருந்து ஒரு பொஸ்தகத்த உருவுனாரு. நடுப் பக்கத்துல கொள்ளுப்பருப்பு கறை. இம்புட்டுப் பெருசு. அத விரிச்சு, வாசல்ல நின்னவீங்க அத்தன பேருத்துக்கும் காட்டுனாரு. 'இவரு நூலகம் நடத்தல, ஓட்டல் நடத்தறாரு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. என்ற மாமனாரும் அங்கெ நின்னுட்டிருந்தாருங்க. கல்யாணம் ஆகி மூணு மாசம்.

அன்னைக்கு முடிவு பண்ணுனனுங்க. இனி என்ற லைப்ரரில ஒரு பொஸ்தகத்துல ஒரு கறை இருக்கக் கூடாது. நாலு பீரோ, நாலுக்கும் பூட்டு. சாவி என்ற அரணாக்கயித்துல. ஒவ்வொரு பொஸ்தகத்துக்கும் பிளாஸ்டிக் அட்டை. பூச்சி வராம இருக்க மாசம் ஒருக்கா ரசகற்பூர உருண்டை. படிக்கறவீங்க வந்தா பேப்பர் இருக்குது, வாரப் பத்திரிகை இருக்குது, பெஞ்சு இருக்குது, மேல ஃபேன் ஓடுது. உக்காந்து படிச்சுட்டுப் போகோணும். பொஸ்தகமே வேணும்னா விண்ணப்பம் எழுதிக் குடுக்கோணும். கை கழுவோணும். என்ற முன்னால உக்காந்து படிக்கோணும். நான் பக்கம் எண்ணிக் குடுத்து, பக்கம் எண்ணி வாங்குவன். அப்பறம் ஆருமே கேக்கறதில்லீங்க. எல்லாருக்கும் பேப்பரே போதும்னு ஆயிருச்சு. எனக்கும் வேல சுத்தமாப் போச்சு.

வேலை செய்யறவனத் தேடிப் பயிற்சி தானா வரும் தம்பி. மொதல்ல 'நூல் பாதுகாப்பு'ன்னு மூணு நாள். பொஸ்தகத்துக்கு எதிரி நாலுன்னு சொன்னாங்க. தூசி, ஈரம், பூச்சி, நெருப்பு. நான் எந்திரிச்சு, 'அஞ்சாவதா ஒண்ணு இருக்குதுங்க சார், மனுசன் கை'ன்னன். எல்லாரும் கை தட்டுனாங்க. பொறகு 'சிறு நூலகங்களுக்கு நிதி பெறுவது எப்படி', அது நாலு நாள். 'புரவலர்களைச் சேர்ப்பது எப்படி', ரெண்டு நாள். 'வாசகர்களை ஈர்ப்பது எப்படி', அது அஞ்சு நாள், ஊட்டில. அந்தப் பயிற்சி நெம்ப அருமையா இருந்துச்சுங்க. வாசகர் வந்தா நூலகர் மொகத்துல சிரிப்பு இருக்கோணும்னு கண்ணாடிய வெச்சுச் சிரிக்கச் சொல்லிக் குடுத்தாங்க.

அந்த அஞ்சு நாளும் லைப்ரரி என்னாச்சுன்னு கேக்கறீங்களா? பூட்டிட்டுத்தானுங்க போவன். நான் ஒருத்தன்தானே இருக்கறது. கதவுல எழுதித் தொங்க விட்டுருவன்: 'நூலகர் பயிற்சிக்குச் சென்றுள்ளார்.' அடிக்கடி எழுத வேண்டியிருந்துச்சுங்க, அதனால லேமினேட் பண்ணி வெச்சுட்டன். போன வருசத்துல மட்டும் முப்பத்திரெண்டு நாள் தொங்குச்சு. ஒரு ஊர்ப்புற நூலகர் வருசத்துல முப்பத்திரெண்டு நாள் பயிற்சில இருந்தாருன்னா, மாவட்டத்துலயே அது நான் ஒருத்தன்தானுங்க.

அத்தன பயிற்சி எனக்கு எப்படிக் கெடச்சுதுங்கறீங்க? அதுதான் இந்தச் சின்னவேலம்பட்டி அம்மா. ரங்கநாயகின்னு பேரு. அதுவும் என்னாட்டவே ஊர்ப்புற நூலகர்தான். வேலைல எனக்கு ஆறு வருசம் எளையது. அதுக்கும் ஒவ்வொரு பயிற்சிக்கும் கடுதாசி வரும். அது போகவே போகாது. போன் பண்ணுனா, 'எங்கண்ணா நான் வர்றது, ஒரு நாள் பூட்டுனா சண்டைக்கு வந்துருவாங்க, நீங்களே போயிட்டு வாங்க'ன்னு சொல்லிரும். சரின்னு அதோட எடத்துக்கும் நானே போயிருவன். இந்தப் பதினாலுல ஆறு அதோடது. ஒரு பயிற்சி வாங்காத பொம்பளைங்க அது. இத நல்லா ஞாபகத்துல வெச்சுக்கங்க.

பஸ்ஸு வருது, ஒதுங்கிக்கங்க. ம். போலாம்.

போன வருசம் ஆடி மாசம் ஒரு சுற்றறிக்கை வந்துச்சுங்க. 'சிறு நூலக மேம்பாட்டுத் திட்டம்.' ஒன்றியத்துக்கு ஒரு லைப்ரரி எடுக்கறாங்க. புதுக் கட்டடம், கம்ப்யூட்டரு, குழந்தைங்களுக்குத் தனி எடம். எல்லாத்துக்கும் மேல, அது முழுநேர நூலகமா மாறும். அங்கெ இருக்கற நூலகரும் முழுநேர நூலகர் ஆயிருவாரு. தம்பி, இருவது வருசமா நான் அரைநேரத்து ஆளுங்க. மத்தியானம் ஆச்சுன்னா ஊர்ல எல்லாரும் 'என்ன, உன்ற உத்தியோகம் முடிஞ்சுதா'ன்னு கேப்பாங்க. என்ற மாமனாரு சாகற வரைக்கும் கேட்டாருங்க. ஒரே ஒருக்கா, ஒரு நாளைக்காச்சும், பொழுது சாயற வரைக்கும் நாற்காலில உக்காந்திருக்கோணும்னு எனக்கு ஆசை. வேற ஒண்ணும் இல்லீங்க.

எங்க ஒன்றியத்துல ரெண்டு லைப்ரரிய மொதக் கட்டத்துக்கு எடுத்தாங்க. ஒண்ணு என்றது, ஒண்ணு ரங்கநாயகியோடது. ரெண்டு பேருத்துக்கும் ஒரே மாதிரி அனுப்பிச்சாங்க: அறுநூத்தி நாப்பது புதுப் பொஸ்தகம், ரெண்டு கம்ப்யூட்டரு, குழந்தைங்களுக்குக் கலர் கலரா நாற்காலி பன்னெண்டு, தரைல விரிக்க ஒரு ஜமக்காளம். பத்து மாசம் கழிச்சு ஒரு குழு வரும். பாத்து, ரெண்டுல ஒண்ணத் தேர்வு பண்ணும். இன்னொண்ண அதோட இணைச்சுருவாங்க. ஆக, ஒண்ணு நெலைக்கோணும், ஒண்ணு போகோணும். அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நாமதான் ஜெயிக்கறம்னு.

என்ன பண்ணுனனுங்களா? வந்தது வந்தபடிக்கு வெச்சன். கம்ப்யூட்டர் மேல இருந்த பிளாஸ்டிக்கப் பிரிக்கவே இல்ல. நாற்காலிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வேட்டி போட்டு மூடிட்டன். ஜமக்காளத்தச் சுருட்டின சுருட்டோட வெச்சன். பொஸ்தகக் கட்ட அளவு பாத்துப் பீரோவுல அடுக்கிட்டன். பெரிய அதிகாரிங்க வந்து ரிப்பன் வெட்டட்டும், அப்பறம் பாத்துக்கலாம். அவீங்க அனுப்பிச்ச சாமானத்த அவீங்களே மொதல்ல பாக்க வேண்டாமுங்களா? எச்சி எலையிலயா ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குச் சோறு போடுவீங்க?

அதுக்குள்ள இந்தப் பொண்ணு. சவுடேஸ்வரின்னு பேரு. எங்கூரு நெசவுக்காரங்க ஊட்டுப் பொண்ணுதான். மில்லுல ஷிப்டு வேல. ஷிப்டு முடிச்சு நேரா வரும், தலையெல்லாம் பஞ்சு. 'அம்மணி, வெளில நின்னு உதறிட்டு வா, பஞ்சு ஒட்டுனாப் பூச்சி வந்துரும்'னு சொல்லுவன். உதறிட்டு வரும். நல்ல பொண்ணுதான், எதுத்துப் பேசாது. கவர்மெண்டு பரிட்சைக்குப் படிக்குது. புதுக் கட்டுல பரிட்சைப் பொஸ்தகம் ஒரு செட்டு வந்திருக்குதுன்னு எப்படியோ தெரிஞ்சுக்கிச்சு. 'சார், ஒருக்கா பாத்துட்டுத் தரட்டுங்களா'ன்னுச்சு. குழு வந்துட்டுப் போகட்டும் அம்மணின்னன். மறுக்கா வந்துச்சு. 'இங்கெயே உக்காந்து பாத்துட்டுத் தந்தர்றனுங்க சார்.' அட்டையப் பிரிச்சாப் புதுசு போச்சேன்னன். ஏழு தாட்டி வந்துச்சுங்க. ஏழு தாட்டியும் வருகைப் பதிவேட்டுல கையெழுத்து வாங்கிட்டுத்தான் அனுப்பிச்சன். வருகைக் கணக்குல ஏழு கூடுச்சு. நம்ம வேலையில நாம விட்டுக் குடுக்கக் கூடாதுங்களே.

எட்டாவது தாட்டி வரலீங்க. சரி, புரிஞ்சுக்கிச்சுன்னு விட்டுட்டன்.

குழு வர்ற நாளும் வந்துச்சுங்க. நான் முந்தின நாளே எல்லாத்தையும் கழுவி வுட்டாச்சு. வாசல்ல வாழைமரம். சுவர்ல பதினாலு சர்டிபிகேட்டும். ஆளு வேணுமே, அதுக்கு மகளிர் குழுவுல சொல்லிப் பதினெட்டுப் பேர வரச் சொல்லியிருந்தன். வந்தாங்க, பட்டுச் சேலை கட்டி, பூ வெச்சு. ஒவ்வொருத்தருத்துக்கும் ஒரு பொஸ்தகம் குடுத்தன். பிளாஸ்டிக் அட்டையோட, லேசாப் புடிச்சுக்கோணும், விரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டன். பாக்க எப்படி இருந்துச்சுங்கறீங்க! எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. இருவது வருசத்துல என்ற லைப்ரரி ரொம்பி வழிஞ்சது அன்னைக்குத்தான்.

பாக்க வந்த குழுவுக்குத் தலைவரு ஒரு மேடம். வயசானவீங்க, தும்பையாட்டம் நரை. நேராப் போயி எங்க மகளிர் குழுத் துளசியம்மா முன்னால குனிஞ்சாங்க. 'என்னம்மா படிக்கறீங்க?'ன்னாங்க. இந்தம்மா வாய மூடிட்டிருந்திருக்கலாமுங்க. 'சார் புடிச்சுக்கச் சொன்னாருங்க, படிக்கச் சொல்லலீங்க'ன்னுருச்சு. அதோட உட்டுதா? 'கையக் கழுவிட்டுத்தானுங்க புடிச்சிருக்கறன்'னு வேற சொல்லுது. மத்த பதினேழு பேரும் கைய நீட்டிக் காட்டறாங்க.

மேடம் நிமிந்து பீரோப் பக்கம் வந்தாங்க. பீரோவத் தொறக்கச் சொன்னாங்க. தொறந்தன். வாசனை கமகமன்னு வந்துச்சு. ஒரு பொஸ்தகத்த எடுத்தாங்க, பழைய கட்டுலருந்து. பிரிச்சா, மேல் பக்கம் ரெண்டு தாளு ஒட்டிட்டிருக்குது. பிரஸ்ஸுல வெட்டாம விட்டது. 'இத எப்படிங்க படிக்கறது?'ன்னாங்க. 'பிளேடு வெச்சு ஒரு கீறு கீறுனா வந்துருமுங்க மேடம்'னன். 'இது வந்து எத்தன வருசம் ஆச்சு?'ன்னாங்க. 'பதினோரு வருசமுங்க மேடம்'னன். பதினோரு வருசம் தம்பி! வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்துச்சு. வேற எந்த லைப்ரரில இப்படிக் காட்ட முடியும், சொல்லுங்க? மேடம் அந்தப் பொஸ்தகத்தக் கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருந்தாங்க. அப்படி ஒரு பொருளப் பாத்திருக்க மாட்டாங்க போல.

அப்பறம் படிவம். அதுல ஒரு கட்டம் இருக்குது, 'பழுதடைந்த நூல்களின் எண்ணிக்கை.' நான் அதுல 'இல்லை'ன்னு சிவப்பு இங்க்குல எழுதிக் கீழ ரெண்டு கோடு போட்டிருந்தன். மேடம் அதப் படிச்சுட்டு என்ற மொகத்தப் பாத்தாங்க. நானும் ஊட்டிப் பயிற்சில சொல்லிக் குடுத்த மாதிரி சிரிச்சன்.

அங்கெருந்து அவீங்க சின்னவேலம்பட்டிக்குக் கெளம்புனாங்க. நானும் ஜீப்புல தொத்திக்கிட்டன். எதிர்க் கட்சி எப்படி இருக்குதுன்னு பாத்தாத்தானே நம்ம பலம் தெரியும். போயிப் பாத்தா, அய்யோ தம்பி! பன்னெண்டு நாற்காலில மூணுக்குக் காலே இல்ல. ஜமக்காளத்துல பொடுசுங்க பொரண்டுட்டுக் கெடக்குது, ஒண்ணு பொஸ்தகத்துமேல தலைய வெச்சுத் தூங்குது. கம்ப்யூட்டர்ல எழுத்துப் பலகை தேஞ்சு எது எந்த எழுத்துன்னே தெரியல. ஆனாலும் ஒரு பையன் கண்ண மூடிட்டுத் தட்டறான். அலமாரிக்குக் கதவே இல்லீங்க! கதவக் கழட்டிப் பொறத்தால சாத்தி வெச்சிருக்குது அந்தம்மா. பொஸ்தகத்த எடுத்தா முதுகு பிஞ்சு வருது. ஒண்ணு சேலை நூலு கோத்துத் தெச்சிருந்துச்சு. நான் மேடத்தப் பாத்து, 'பாத்தீங்களா மேடம்'னன். மெதுவாத்தான் சொன்னன். 'பாக்கறன், பாக்கறன்'னாங்க.

படிவத்துல அந்தக் கட்டத்துல ரங்கநாயகி என்ன எழுதியிருந்துச்சு தெரியுமுங்களா? நானூத்திப் பன்னெண்டு. கூசாம எழுதியிருக்குது. நானாயிருந்தாத் தூக்குல தொங்கியிருப்பன்.

அங்கெதானுங்க பாத்தன், சன்னலோரத்துல நம்ம சவுடேஸ்வரி உக்காந்திருக்குது. முன்னால அதே பரிட்சைப் பொஸ்தகம். எனக்கு வந்த அதே செட்டு. ஓரமெல்லாம் பென்சில்ல எழுதி, மூலைய மடிச்சு, பாக்கவே கண்றாவி. தெனமும் ஷிப்டு முடிச்சு ஒம்பது கிலோமீட்டரு பஸ்ஸுல போயிருக்குதுங்க, எட்டு மாசமா. ஊர்ல ஒரு லைப்ரரிய வெச்சுட்டு அடுத்த ஊருக்குப் போனா, ஊரு மானம் என்னாகறது? மேடம் கேட்டாங்க, 'எந்த ஊரும்மா?' 'நல்லிக்காட்டுப்பாளையமுங்க.' 'அங்கெயே லைப்ரரி இருக்குதே?' பொண்ணு என்னப் பாத்துச்சு. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டன். ஆனா அது சொன்னதக் கேளுங்க: 'இருக்குதுங்க மேடம். சார் பொஸ்தகமெல்லாம் நெம்ப நல்லாப் பாத்துக்குவாருங்க.'

பாத்தீங்களா? அந்தப் பொண்ணே சாட்சி சொல்லுச்சு. அப்படியும் எனக்கு மார்க் போடலீங்க.

ஒரு மாசத்துல ஆர்டர் வந்துருச்சு. சின்னவேலம்பட்டி தேர்வாயிருச்சு. ரங்கநாயகி இனி முழுநேர நூலகர். நான் ஆபீஸுக்குப் போன் பண்ணி நேராவே கேட்டுட்டன்: 'சார், கிழிச்சவங்களுக்குத்தான் நிதின்னா அத மொதல்லயே சுற்றறிக்கையில போட்டிருக்கலாமுங்களே? நானும் கிழிச்சு வெச்சிருப்பனே.' அந்தப் பக்கம் ஆரோ சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. வெச்சுட்டாங்க.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க. வேண்டாம், ரெண்டு கையும் சட்டத்துல இருக்குது, அப்பறம் குடிச்சுக்கறன்.

இன்னொண்ணு இருக்குதுங்க. ஆருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டச் சொல்றன், வழித்தொணைக்குச் சொன்னதா இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்குப் பரிட்சை முடிவு வந்துச்சு. மூணு மார்க்குல போச்சாம். டீக்கடைல சொன்னாங்க. அதுக்கு நானாங்க பொறுப்பு? பஸ்ஸுக்கு நின்னே தெனமும் ரெண்டு மணி நேரம் போனா எப்படிப் படிக்க முடியும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டன். ஆனா அன்னைக்கு மத்தியானம் சோறு எறங்கலீங்க. ஊட்டுக்காரி என்ன சீக்கான்னு கேட்டா. ஒண்ணும் இல்லேன்னன்.

மறுநாள் பீரோவத் தொறந்து, அந்தப் பரிட்சைப் பொஸ்தகம் செட்டோட எடுத்தன். அதான் குழு வந்துட்டுப் போயிருச்சே, இனி குடுக்கலாமுங்களே. துணிப் பையில வெச்சு, சைக்கிள் கேரியர்ல கட்டி, நானே ஊட்டுக்குக் கொண்டு போனனுங்க. இருவது வருசத்துல ஒரு வாசகர் ஊட்டுக்கு நான் பொஸ்தகம் கொண்டு போனது அது ஒண்ணுதான். தறிச் சத்தம் நின்னுச்சு. அவுங்கம்மா டீ வெச்சுக் குடுத்தாங்க. பொண்ணு கையத் தொடச்சுட்டு ரெண்டு கையிலயும் வாங்குச்சு. அட்டையப் பிரிச்சுது. நான் தடுக்கல. நாலு பக்கம் பொரட்டுச்சு. அப்பறம் சொல்லுது, 'சார், பாடத்திட்டம் மாறிருச்சுங்க. இது பழசு.'

எனக்கு ஒண்ணும் புரியலீங்க தம்பி. அது எப்படிப் பழசாகும்? ஒருத்தர் கை படல. பீரோவ விட்டு வெளியவே வரல. நேத்து வந்த மாதிரி வாசம் அடிக்குது. நானே கொண்டு போயிக் குடுக்கறன், பழசுன்னா? பொண்ணு கோவமாச் சொல்லலீங்க. அட்டைய மறுக்கா மடிச்சு, முன்ன இருந்த மாதிரியே போட்டு, பையில வெச்சுக் குடுத்துச்சு. 'பத்தரமா வெச்சுக்கங்க சார்'னுச்சு. நான் சைக்கிள உருட்டிட்டே வந்துட்டன். ஏறி மிதிக்கோணும்னே தோணல.

சரி உடுங்க. அதா, சின்னவேலம்பட்டி வந்துருச்சு. அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்துல நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால எடுங்க. போதும், போதும். என்ன இது, இத்தன பேரு நிக்கறாங்க? நமக்கா? ஏனுங்க, ஏனுங்க, ஆரும் கை வெக்காதீங்க! அதுக்கு ஒரு வரிசை இருக்குது! தம்பி, நீங்க வண்டியிலயே இருங்க, நான் எறக்கிட்டு வந்தர்றன்.

*

கதவத் தொறங்க தம்பி, சித்தெ உக்காந்துக்கறன். முடிஞ்சுதுங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சுது. இருவது வருசமா நான் அடுக்குனத ஒட்டுக்கா எறக்கிப் பிரிச்சுட்டாங்க. நான் கத்துனன், ஆரு கேக்கறா? கட்டு உள்ள போறதுக்கு முன்னாடியே வேப்பமரத்தடில உக்காந்து படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பிளாஸ்டிக் அட்டை பறந்து அங்கெ கெடக்குது பாருங்க. ரங்கநாயகி என்ற கையப் புடிச்சு, 'வாங்கண்ணா, உங்க சர்டிபிகேட்டெல்லாம் உள்ள மாட்டிரலாம்'னுச்சு. நெசமாவே ஆணி அடிச்சு மாட்டுது. அதுக்கு என்மேல ஒரு வருத்தமும் இல்லீங்க. அதுதான் தாங்க முடியல.

ஆனா நான் அதச் சொல்ல வரல.

ஒரு அம்மா வந்துச்சுங்க. மில்லுக்குப் போறதாட்டம் இருக்குது, கையில சோத்துத் தூக்குப்போசி. முப்பது வயசு இருக்கும். சுவர்ல இருக்கற பதினாலையும் ஒவ்வொண்ணாப் பாத்துச்சு. பாத்துட்டு நேரா என்ற முன்னால வந்து நின்னு, 'சார், நீங்க இத்தன படிப்புப் படிச்சவீங்க. இதுல நீங்க படிச்சதுல நல்லதா ஒரு கதைப் பொஸ்தகம் எடுத்துக் குடுங்க'ன்னுச்சு.

நீங்க படிச்சதுல ஒண்ணு எடுத்துக் குடுங்கன்னு என்னக் கேட்டுச்சுங்க தம்பி. பீரோவத் தொறங்கன்னு கேட்டிருக்காங்க. பேப்பர் வந்துதான்னு கேட்டிருக்காங்க. மணி என்னன்னு கேட்டிருக்காங்க. இது ஒண்ண ஆரும் கேட்டதில்ல.

'எல்லாமே நல்லா இருக்கும்மா'ன்னன். 'எல்லாம்னா எப்படிங்க சார், ஒண்ணு சொல்லுங்க'ன்னு அங்கெயே நிக்குது. நான் அந்தக் குவியலப் பாக்கறன். ஒவ்வொண்ணோட வரிசை எண்ணும் எனக்குத் தெரியும். எந்த வருசம் வந்துச்சுன்னு தெரியும். எத்தனாவது பீரோ, எத்தனாவது தட்டுன்னு இருட்டுல கேட்டாலும் சொல்லுவன். அதச் சொன்னாப் போதுமான்னு கேக்கலாம்னு பாத்தன். அந்தம்மா மூஞ்சியப் பாக்க முடியல.

ரங்கநாயகிதான் ஆணி அடிச்சுட்டே திரும்பிப் பாத்து, 'அண்ணன் இன்னைக்குத்தான் வந்திருக்காரு, அலுப்பா இருக்கும். நாளைக்கு உனக்கு நல்லதாப் பாத்துச் சொல்லுவாரு, போ'ன்னுச்சு. அந்தம்மாவும் 'சரிங்க சார், நாளைக்குக் காலையில ஷிப்டுக்கு முன்னாடி வர்றனுங்க'ன்னுட்டுப் போயிருச்சு. கும்பிட்டுட்டு வேற போச்சுங்க.

கெளம்பறீங்களா? சித்தெ இருங்க தம்பி, ஒண்ணே ஒண்ணு. சிரிக்கக் கூடாது. நீங்க எப்பவாச்சும் ஏதாச்சும் கதைப் பொஸ்தகம் படிச்சிருக்கீங்களா? பள்ளிக்கூடத்துல படிச்சது இல்லீங்க, நீங்களா ஆசைப்பட்டுப் படிச்சது. பேரு ஞாபகம் இருந்தா மெதுவாச் சொல்லுங்க, நான் எழுதிக்கறன். நாளைக்குக் காலையில அந்தம்மா வந்துருமுங்க.